அடுத்த எழுத்து

என் வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள். ஐப்பசிக் கடைசியில் ஒரு மத்தியானம், ஆட்டம் முடிந்து எல்லோரும் அவரவர் டோக்கனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகும் பலகையில் ஒரு டோக்கன் தொங்கியது. பிள்ளைகளை எண்ணினேன். இருபத்து மூன்று. மறுபடியும் எண்ணினேன். நான் கணக்கில் கெட்டிக்காரி இல்லைதான், ஆனாலும் இருபத்து மூன்றைக்கூட எண்ணத் தெரியாதவள் இல்லை.

அந்த ஆட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்வதெழுதுதல் என்றாலே எங்கள் மூன்றாம் வகுப்புக்கு ஆகாது. பாதிப் பேருக்கு அன்றைக்குக் காய்ச்சல் வந்துவிடும். அதனால் நானும் விதவிதமாக விளையாட்டு வைத்துப் பார்ப்பேன். ஒருவன் முதுகில் இன்னொருவன் விரலால் எழுத, அவன் கண்டுபிடிப்பது. எழுத்து அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆள் மாறி ஆள் நின்று சொல்லாவது. எல்லாம் ஒரு வாரம் ஓடும், பிறகு சலித்துவிடும். டோக்கன் ஆட்டம் மட்டும் சலிக்கவில்லை. அதைச் சொல்லிக்கொடுத்தவர் இசைப்பிரியாவின் அப்பா வளவன்.

எங்கள் பள்ளிக்கூடம் டவுன்ஷிப்பின் கடைசி பிளாக்கையும் தாண்டி, நிலக்கரிச் சுரங்கத்தில் வெட்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிவிட்ட மண்மேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேட்டுக்கு அடியில் தண்ணீர் வடிய ஆள் உயரச் சிமெண்டுக் குழாய் ஒன்று ஓடுகிறது. எல்லோரும் டனல் என்பார்கள். அதில் படியும் கரிச்சேற்றை வாரிக் கொட்டுவதுதான் வளவனுக்கு வேலை. கான்டிராக்ட் வேலை. ஜூன் மாதம் மகளை விட வந்தவர் வகுப்பு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"எங்க வேல மாதிரியே ஒரு ஆட்டம் வைங்களேன் டீச்சர். நாங்க டனல்ல எறங்கறப்ப டோக்கன பலகையில மாட்டிட்டு எறங்குவோம். ஏறி வந்தா எடுத்துக்குவோம். சாயங்காலம் ஒண்ணு தொங்குதுன்னா ஒருத்தன் உள்ள இருக்கான்னு அர்த்தம். மேஸ்திரி வூட்டுக்குப் போவ மாட்டாரு."

மறுநாளே ஒரு பலகையைக் கொண்டுவந்து ஆணி அடித்தார். சோடா மூடிகளைத் தட்டித் தட்டையாக்கி நம்பர் குத்தியிருந்தார். இருபத்து நான்கு ஆணி இருந்தது.

"ஒண்ணு கூட இருக்கே?" என்றேன்.

"புதுசா யாராச்சும் சேந்தா? இருக்கட்டுங்க." பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி விரலை ஆட்டினார். "ஒருத்தர் டோக்கன இன்னொருத்தர் எடுக்கக் கூடாது. அவங்கவங்கதான் எடுக்கணும். இன்னா?"

"சரீங்க" என்று இருபத்து மூன்று பேரும் கத்தினார்கள். நான் சொல்லி ஒரு நாளும் அப்படி ஒரே குரலில் கேட்டதில்லை.

வகுப்புக்குப் பின்னால் பழைய ஸ்டோர் ரூம் இருக்கிறது. ஜன்னல் இல்லாத இருட்டறை. ஒரு டப்பில் மணல் நிரப்பி அதற்குள் எழுத்து அட்டைகளைப் புதைத்து வைத்தோம். ஒரு பிள்ளை டோக்கனை மாட்டிவிட்டு உள்ளே போகும். வெளியே இருப்பவர்கள் சொல்லின் முதல் எழுத்தைக் கத்த வேண்டும், உள்ளே இருப்பவர் அடுத்த எழுத்தைக் கத்த வேண்டும். மாறி மாறிச் சொல் முடிந்ததும் அந்த எழுத்துகளைத் தோண்டி எடுத்துக்கொண்டு வெளியே வரலாம். சுத்தமாக எழுத்துக் கூட்டத் தெரியாத அருண்பிரசாத் கூட இரண்டே வாரத்தில் 'பள்ளிக்கூடம்' வரை வந்துவிட்டான்.

புரட்டாசி முடிவில் வளவன் செத்துப்போனார். இசைப்பிரியா பதினெட்டு நாள் வரவில்லை. வந்த பிறகும் பேச்சு குறைந்திருந்தது, அவ்வளவுதான். நானும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. அவளுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நம் புத்திசாலித்தனத்துக்கு அளவே கிடையாது.

பலகையில் கூடுதலாகத் தொங்கியது சோடா மூடி இல்லை. தகர வில்லை. அதில் 41 என்று வெட்டியிருந்தது.

"யார் மாட்டினது?"

இசைப்பிரியா எழுந்து நின்றாள்.

"எங்கப்பாது டீச்சர். மேஸ்திரி சாப்பாட்டு டப்பாவோட சேத்துக் குடுத்தாரு."

"இங்க ஏம்மா மாட்டின?"

"அவரு உள்ள இருக்காருல்ல." 'மழை பெய்யுது' என்பதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். "டோக்கன் தொங்கலன்னா உள்ள ஆள் இல்லன்னு நெனச்சிக்கினு எல்லாரும் வூட்டுக்குப் போய்டுவாங்க."

எடுத்துவிடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபத்து நான்காவது ஆணியில் அது தொங்கிக்கொண்டே இருந்தது. அதன் பிறகு வகுப்பு மாறிப்போனது. அருண்பிரசாத் ஸ்டோர் ரூமுக்குள் போக மாட்டேன் என்று அழுதான். "உள்ள யாரோ இருமுறாங்க டீச்சர்" என்றான். காலையில் காய்ந்த மணலாக நிரப்பி வைப்பேன், மத்தியானம் கையை விட்டால் ஈரமாக இருக்கும். மேலே ஒழுகுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். தளம் காய்ந்து கிடந்தது.

ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. அவள் அம்மா இளவேனில் வாசலில் உட்கார்ந்து முந்திரிக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். காடாம்புலியூரிலிருந்து மூட்டையாக வந்து இறங்கும், உடைத்துக் கொடுத்தால் கிலோவுக்குக் கூலி. அந்தக் கொட்டைப் பால் பட்டு அவள் விரல்கள் தோலுரிந்து கறுத்திருந்தன. சாம்பலில் கையைத் தொட்டுத் தொட்டு உடைத்தாள். உள்ளே கருவாட்டுக் குழம்பு கொதித்தது. தட்டு மூன்று கழுவிக் கவிழ்த்திருந்தது.

"வீட்ல யாரும்மா இன்னொருத்தர்?" என்று கேட்டேன்.

தட்டுகளைப் பார்த்தாள். "புள்ள வச்சிடறா டீச்சர். நான் எடுக்கறதில்ல."

"நீ எடுத்துச் சொல்லலாம்ல? அவரைக் கொண்டுபோய் எரிச்சது நீங்கதானே?"

"எரிச்சம் டீச்சர். மொகமெல்லாம் துணி சுத்தியிருந்துச்சி. காலத்தான் பாத்தேன்." கல்லைக் கீழே வைத்தாள். "அன்னிக்கி ரெண்டு மணி இருக்கும். சடையப்ப மேஸ்திரி போன் பண்ணி, 'வளவன் வெளிய வரலம்மா, டோக்கன் தொங்கிக்கினு இருக்கு'ன்னாரு. இவளுக்கு அன்னிக்கி ஜொரம். இடுப்புல தூக்கிக்கினு ஓடனேன். நாலு பேரு டனல் வாயில நின்னு கத்திக்கினு இருந்தாங்க. உள்ள ஒரு எடத்துல சேறு சரிஞ்சி அடச்சிருக்கு. நானும் கூப்புட்டேன். பதிலு வந்துச்சி டீச்சர்."

"என்னன்னு?"

"'தோ வரேன்'னுச்சி. அவரு கொரலுதான். பத்து வருசம் குடும்பம் பண்ணவளுக்குக் கொரலு தெரியாதா? இவளும் கேட்டா. மேஸ்திரி கேட்டாரு. அடப்புக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கினாருன்னு தோண்ட ஆரம்பிச்சாங்க."

"அவரு அங்க இல்ல" என்றேன்.

"இல்ல. டனலுக்கு அந்த முனை குறிஞ்சிப்பாடி ரோட்டுல இருக்கு. டீக்கு அந்தப் பக்கமா ஏறிப் போறது எல்லாரும் செய்யறதுதான். சுத்திக்கினு வந்து டோக்கன எடுக்க, மறுபடி மாட்ட, யாருக்குப் பொறும இருக்கு? ரோட்டத் தாண்டறப்ப கார் அடிச்சிப்புடுச்சி. செல்லு ஷெட்டுல கெடக்குது. சட்டையில ஒரு துண்டுக் காயிதம் இல்ல. பேரு தெரியாத ஆளுன்னு ஆசுபத்திரியில எழுதிட்டாங்க."

சாம்பலை அள்ளி வைத்துக்கொண்டு விரலால் கிளறினாள். சொல்ல வேண்டியது இன்னும் வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"டீக்கட மாணிக்கம்மா மூணு மணிக்கே ஆள அனுப்புனாங்க டீச்சர். சேத்துக் காலோட ஒருத்தர ஆம்புலன்சுல ஏத்திக்கினு போனாங்க, உம் புருசனாட்டம் இருக்குதுன்னு. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? 'போய்யா, எங்க வூட்டுக்காரரு உள்ள இருக்காரு, டோக்கன் தொங்குது பாரு, இப்பதான் பேசனாரு'ன்னு தொரத்தி வுட்டேன். ஆறரைக்குத்தான் உசுரு போயிருக்கு. மூணு மணிக்கே போயிருந்தா ஒரு வாய் தண்ணி குடுத்திருப்பன்ல?"

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "பதிலு சொன்னது யாரு டீச்சர்? அவரு ரோட்டுல கெடந்தாருன்னா, எங்கிட்ட 'வரேன்'னு சொன்னது யாரு?"

உள்ளேயிருந்து இசைப்பிரியா சத்தமாகச் சொன்னாள். "அப்பாதாம்மா. எத்தினி தடவ சொல்றது?"

குழம்பு சாப்பிடச் சொன்னார்கள். அந்த மூன்றாவது தட்டில் எனக்குப் போட்டுவிடுவார்களோ என்று நடுங்கி, வேலை இருக்கிறது என்று ஓடி வந்துவிட்டேன்.

சுரங்கத்தில் பர்மனென்ட் வேலையில் இருக்கும் என் வீட்டுக்காரர் ராஜ்மோகனிடம் சொன்னேன். நாங்கள் கோவில்பட்டிப் பக்கம். அவருக்கு எல்லாமே நட்டு போல்ட்டு விஷயம்தான்.

"அந்த வில்லையக் கழட்டி டிராயருல போட்டுப் பூட்டு, தேவி. கண்ணுல படலன்னா பிள்ள மறந்திரும்."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. திங்கட்கிழமை பள்ளி விட்டதும் 41ஐக் கழற்றி மேஜை டிராயருக்குள் போட்டேன். ஒருத்தர் டோக்கனை இன்னொருத்தர் எடுக்கக் கூடாது என்ற விதி ஞாபகம் வரத்தான் செய்தது. டிராயரில் பூட்டு இல்லை என்பது ஞாபகம் வரவில்லை.

அடுத்த நாள் கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. இசைப்பிரியா வந்ததும் இருபத்து நான்காவது ஆணியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் அவள் முறை வந்தது. பதினான்காம் நம்பர் சோடா மூடியை மாட்டிவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போனாள். சொல் 'கத்தரிக்காய்'. பிள்ளைகள் "க" என்று கத்தினார்கள். பதில் இல்லை. மறுபடி கத்தினார்கள். நான் போய்க் கதவைத் தள்ளினேன். உள்ளே யாரும் இல்லை. மேட்டுப் பக்கம் திறக்கும் பின்கதவின் தாழ் விலகியிருந்தது, மழைச் சாரல் உள்ளே அடித்தது. டப்பைச் சுற்றி மணல் சிந்திக் கிடந்தது.

"டீச்சர்," என்று அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் கார்முகில் என் பின்னால் வந்து சொன்னாள், "அவ நாலு எழுத்து எடுத்து வச்சிக்கினா. காலையிலயே பாத்தேன். டிராயரக் கூடத் தொறந்தா."

"ஏண்டி சொல்லல?"

"அவங்கப்பா பேரு எழுத்து டீச்சர். அவங்கவங்களுதுதான எடுக்கணும்?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்பார்களே, வெட்டியது நான்தான். நாலாம் வகுப்பு சுபாஷ் சாரை என் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். இளவேனிலுக்குப் போன் பண்ணிக்கொண்டே குடையில்லாமல் ஓடினேன். கருஞ்சேறு முழங்கால் வரை தெறித்தது.

டனல் வாய்க்குப் பக்கத்தில் தகர ஷெட். மழையால் அன்றைக்கு வேலை இல்லை. மேஸ்திரி சடையப்பன் மட்டும் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி பலகைக்கு முன்னால் நின்றார்.

"டீச்சர், இன்னிக்கி ஒரு ஆளையும் நான் எறக்கல. அந்த ஆணி ரெண்டு மாசமா வெறுமையா கெடக்குது. ஒருத்தனும் அந்த நம்பர வாங்க மாட்டேன்றான். கட வரைக்கும் போய் டீ வாங்கியாந்து பாக்கறேன், தொங்குது."

அத்தனை வெற்று ஆணிகளுக்கு நடுவில் 41 தொங்கியது. காற்றே இல்லை. ஆனாலும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் ஒரு கை அதை மாட்டியிருக்க வேண்டும்.

"இசைப்பிரியா மாட்டியிருக்கா. உள்ள போயிருக்கா மேஸ்திரி."

அவர் கிளாஸைப் போட்டுவிட்டு டார்ச்சை எடுத்தார். "தண்ணி ஏறிக்கினு இருக்கு. உள்ள மூணு கெளை பிரியுது. எந்தக் கெளையில போனான்னு தெரியாம நான் எங்க போவேன்?"

இளவேனில் ஓடி வந்தாள். கையில் சாம்பலும் கொட்டைக் கறுப்பும் மழையில் கரைந்து வழிந்தன. டனல் வாயில் நின்று "இசே! இசே!" என்று அலறினாள். டனல் அந்தப் பெயரை வாங்கி நாலு பக்கத்திலிருந்தும் திருப்பிக் கொடுத்தது. இடப்பக்கம், வலப்பக்கம், காலடி, தலைக்கு மேலே, எங்கும் 'இசே, இசே'. அந்தச் சத்தத்தில் பிள்ளை குரல் கொடுத்திருந்தாலும் பிரித்துத் தெரியாது. கேட்கக் கேட்க, உள்ளேயும் யாரோ பிள்ளையைத் தொலைத்துவிட்டுத் தேடுவது மாதிரி இருந்தது.

"அப்படிக் கூப்பிடாத. நில்லு." இளவேனிலின் தோளைப் பிடித்தேன். எங்கிருந்து அந்த எண்ணம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. தலையை உள்ளே நீட்டி, வகுப்பில் கத்துவது போலக் கத்தினேன்.

"இ!"

'இ… இ… இ…' என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்து ஓய்ந்தது. தண்ணீர் ஓடும் சத்தம். பிறகு, வெகு தூரத்தில், மெலிதாக:

"சை."

"எடது கெளை!" என்று சடையப்பன் தண்ணீரில் இறங்கினார். நான் நிறுத்தவில்லை. "ப்!" என்றேன். டனல் சொன்னதையே திருப்பிச் சொன்னது. அது முடிந்ததும் "பி" என்று அவள் சொன்னாள். ஆட்டத்தில் கூப்பிட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். அவள் ஒரு நாளும் விதியை மீறியதில்லை. "ரி!" என்றபோது என் குரல் உடைந்துவிட்டது. "யா" வருவதற்குள் மேஸ்திரியின் டார்ச் வெளிச்சம் திரும்பி வருவது தெரிந்தது. தோளில் அவள் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் அவர் இடுப்பைத் தொட்டிருந்தது.

இளவேனில் பிள்ளையை வாங்கி இரண்டு அடி அடித்தாள், பிறகு கட்டிக்கொண்டாள். இசைப்பிரியா திமிறினாள். கையில் ஊறிப்போன நாலு அட்டைகள்.

"யாரும் அப்பாவ சரியாவே கூப்புடலம்மா. டீச்சர் என்னக் கூப்புட்ட மாதிரி கூப்புடு. பதிலு சொல்லுவாரு."

இளவேனில் என்னைப் பார்த்தாள். கூப்பிடட்டுமா என்று கேட்பது போல இருந்தது. பதில் வந்துவிடுமோ என்ற பயமும், வந்துவிடாதா என்ற ஆசையும் அந்த முகத்தில் ஒன்றாக இருந்தன. நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

"வ!" என்றாள்.

'வ… வ… வ…'

சடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். மழை ஷெட்டின் மேல் கொட்டியது.

"அடுத்த எழுத்து சொல்லுப்பா" என்றாள் இசைப்பிரியா, உள்ளே பார்த்து.

"வ!" என்றாள் இளவேனில் மறுபடியும்.

'வ… வ…' பிறகு தண்ணீர் மட்டும் ஓடியது. அதற்கு அப்புறம் எதுவுமே இல்லை. பிள்ளை காதைக் கொடுத்து வெகுநேரம் நின்றாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நாம சொன்னதயேதான் திருப்பிச் சொல்லுதும்மா. அப்பாவா இருந்தா அடுத்தது சொல்லுவாரு. அவரு பேரு அவருக்குத் தெரியாதா?"

இளவேனில் முந்தானையால் மகளின் ஈரத் தலையைத் துடைத்தாள்.

"அன்னிக்கி சொன்னாரும்மா. 'தோ வரேன்'னு சொன்னாருல்ல?"

"சொன்னாருடி."

"அப்ப அன்னிக்கி இருந்தாரு. இப்ப இல்ல." அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஷிப்டு முடிஞ்சி போய்ட்டாரு."

இரண்டு மாதத்துக்கு அப்புறம் இளவேனில் அப்போதுதான் அழுதாள். ஷெட்டுக்குள் சேற்றில் உட்கார்ந்து, வாய்விட்டு, டனலே திருப்பி அழும்படி அழுதாள். நானும் அழுதேன். அதில் என்ன வெட்கம்?

இசைப்பிரியா பலகைக்கு முன்னால் போய் நின்றாள். 41ஐத் தொடவில்லை. "அவங்கவங்கதான எடுக்கணும் மேஸ்திரி?"

சடையப்பன் தொண்டையைச் செருமினார். "பேரு முழுசா சொல்லி முடிச்சா வூட்டு ஆளு எடுக்கலாம் தாயி." அப்படி ஒரு விதி கிடையாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

இளவேனில் எழுந்து வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"வ" என்றாள்.

"ள" என்றாள் மகள்.

"வ."

"ன்."

பிள்ளை எக்கி வில்லையை எடுத்து அம்மாவின் கறுத்த கையில் வைத்தாள்.

அவர்கள் முன்னால் நடக்க, நான் சடையப்பனிடம் மெதுவாகக் கேட்டேன். "அன்னைக்கு நீங்க கூப்பிட்டது என்ன, மேஸ்திரி?"

"'வளவா'ன்னுதான்."

"வந்தது?"

"'தோ வரேன்'னு."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவர் சுத்தியலை எடுத்து நாற்பத்தொன்றாம் ஆணியைப் பிடுங்க ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும்போது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. வாசலில் குடைகளோடு பெற்றோர் கூட்டம். சுபாஷ் சார் கையைப் பிசைந்துகொண்டு ஓடி வந்தார். "பெல் அடிச்சு முக்கால் மணி நேரமாச்சு டீச்சர். ஒருத்தனும் எழுந்திரிக்க மாட்டேங்கிறான். இழுத்தாலும் வர மாட்டேங்கிறாங்க."

உள்ளே இருபத்திரண்டு பிள்ளைகளும் பையை மடியில் வைத்துக்கொண்டு, பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பதினான்காம் நம்பர் தொங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் நனைந்து நின்றவளை முதலில் பார்த்தவன் அருண்பிரசாத். அவன்தான் ஆரம்பித்தான்.

"இ!"

"சை" என்றாள் இசைப்பிரியா.

எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள், அவளும் விடாமல் பதில் சொல்லிக்கொண்டே உள்ளே நடந்தாள். பெயர் முடிந்ததும் தன் டோக்கனை எடுத்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள். பிள்ளைகள் எழுந்து வீட்டுக்கு ஓடினார்கள். அன்றைக்கு நான் யாரையும் எண்ணவில்லை.